கறுத்த திரையும் எழுத்துத்திரை லாகினும்: குலசேகரம் பக்கத்துப் படிப்பகம் ஒன்றில் நடந்தது

இடமும் ஆட்களும்

குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு படிப்பகம். ஊர்ப்பெயர் வேண்டாம், ஆட்களின் பெயரும் வேண்டாம். கீழே செய்தித்தாள் மேசை. மேலே தகரக் கூரை போட்ட அறையில் 5 கணினிகள், எல்லாமே கோர் 2 டுயோ காலத்தவை. வளைகுடாவில் வேலை பார்க்கும் ஊர்ப் பையன்கள் சேர்ந்து பழைய சாமானாக வாங்கிக் கொடுத்தவை. எனக்கு மார்த்தாண்டத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை. அந்தப் பையன்களில் ஒருவன் கேட்டுக்கொண்டதால் 5 பெட்டியிலும் டெபியன் 12 என்ற லினக்ஸை ஏற்றி, எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளமும், பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரையைக் காட்டுகிற லைட்டிஎம் என்ற லாகின் மேலாளரும் போட்டுக் கொடுத்தது நான்தான். அந்த லைட்டிஎம்மை எடுத்துவிட்டு லை என்ற எழுத்துத்திரை லாகின் மேலாளரைப் போட்டுப் பார்த்த கதை இது. 3 பெட்டியில் 1 ஜிபி ராம், 2 பெட்டியில் 2 ஜிபி. பழைய வன்தட்டுகள் ஒவ்வொன்றாக மண்டையைப் போட, வெவ்வேறு சமயத்தில் 3 பெட்டிகளுக்கு எஸ்எஸ்டி மாற்றியிருந்தேன். எந்த 3 என்று அன்றைக்கு எழுதி வைக்கவில்லை. அது பின்னால் என்னைக் கடித்தது.

அங்கே வருகிறவர்கள் மூன்று வகை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்கள், அப்புறம் காலையில் இணையத்தில் செய்தி வாசிக்க வரும் பெரியவர்கள். படிப்பகச் செயலாளர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஊருக்கே அவர் சார்தான். கணினி அறைச் சாவி கல்லூரியில் படிக்கும் ஒரு பையனிடம் இருக்கும். அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். பையன் நல்ல சூட்டிகை.

என்ன பிரச்சினை

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு போன் வர ஆரம்பித்தது. அந்தப் பக்கத்தில் மத்தியானம் தாண்டினால் இடி, இடியோடு மின்வெட்டு. யுபிஎஸ் பேட்டரிகள் செத்து வருடமாகிவிட்டது. கரண்ட் போய்த் திரும்பியதும் எல்லாவற்றையும் மறுபடி போடுவார்கள், அப்போது சில பெட்டிகளில் லாகின் திரையே வராது.

"அண்ணே, ஸ்கிரீன் கறுத்துக் கெடக்கு. மூலையில ஒரு கோடு மட்டும் மின்னுது. வேற ஒண்ணும் வரல்ல."

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்1 மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். எழுத்துத்திரை வந்தது, உள்ளேயும் நுழைய முடிந்தது. லைட்டிஎம்மை மறுபடி தொடங்கும் கட்டளையைப் போனிலேயே சொல்ல, உடனே லாகின் திரை வந்துவிட்டது. இதை அப்போது நான் நின்று யோசித்திருக்க வேண்டும். இயந்திரம் கிளம்பும்போது வராதது ஒரு நிமிடம் கழித்துத் தொடங்கினால் வருகிறது என்றால் அது என்ன நோய் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பையன் ஒரு கோடு போட்ட நோட்டில் தேதியும் பெட்டி எண்ணும் குறித்து வைத்திருந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவட்டார் வழியாகப் பஸ் பிடித்துப் போனபோது காட்டினான். 1, 3, 4, மறுபடி 3, மறுபடி 1, 4. நான் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏனென்றால் அந்த நேரம் என் எதிரே 2-ஆம் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, அதில் லாகின் திரை வந்தாலும் பெயரைத் தொட்டால் அசைவதற்கே நேரம் பிடித்தது, வன்தட்டு விளக்கு அணையாமல் எரிந்தது. 1 ஜிபி ராம், அதற்குள் திரையில் படம் வரையும் எக்ஸ் சர்வர், அதன் மேல் வரவேற்புத் திரை, இது தாங்காது என்று என் மனதில் முடிவாகிவிட்டது. கறுத்த திரையும் இந்த மந்தமும் ஒரே நோயின் இரண்டு முகம் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் அவை இரண்டு வேறு நோய்.

எதை எடுத்தோம், ஏன்

லாகின் திரைக்கென்று எக்ஸ் சர்வரே ஓடாத ஒன்று வேண்டும் என்பதுதான் தேடல். முதலில் நினைத்தது லாகின் மேலாளரே இல்லாமல் விடுவது: வெறும் எழுத்து முனையத்தில் நுழைந்தால் எக்ஸ் சர்வரைக் கிளப்பும் ஸ்டார்ட்எக்ஸ் கட்டளை தானாக ஓடும்படி பயனரின் புரொஃபைல் கோப்பில் ஒரு வரி. இதைவிட லேசானது கிடையாது. ஆனால் லாக்அவுட் செய்ததும் கறுப்புத் திரையில் 'லாகின்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் நிற்கும், அதைப் பார்க்கும் பிள்ளை கெட்டுப்போச்சு என்று சுவிட்சைப் பிடுங்கும். சுவிட்சைப் பிடுங்குவதுதான் அந்த அறையின் உண்மையான வியாதி. அதனால் அது வேண்டாம்.

அடுத்து கிரீட்டி என்ற சேவையும் அதன்மேல் டியுஐகிரீட் என்ற எழுத்து முகப்பும். இரண்டும் ரஸ்ட் மொழியில் எழுதியவை, நன்றாக இருக்கும், நான் என் மடிக்கணினியில் பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டு துண்டு, இரண்டு அமைப்பு. நான் இல்லாதபோது பையன் தனியாகச் சமாளிக்க வேண்டும் என்பதால் ஒரே துண்டாக இருக்கும் லையை எடுத்தேன். லை என்பது ஆங்கிலத்தில் எல், ஒய் என்ற இரண்டே எழுத்து. லினக்ஸிலும் பிஎஸ்டியிலும் ஓடும். முதலில் சி மொழியில் இருந்தது, 1.0 பதிப்பிலிருந்து ஜிக் மொழிக்கு மாற்றி எழுதிவிட்டார்கள். திரையின் நடுவில் ஒரு பெட்டி, அதில் எந்த மேசைத்தளம், பெயர், கடவுச்சொல் என்று மூன்று வரி, அவ்வளவுதான். எஃப்1 அழுத்தினால் நிறுத்தம், எஃப்2 அழுத்தினால் மறுதொடக்கம். கேப்ஸ்லாக் விழுந்திருந்தால் மூலையில் காட்டும். கடைசியாக நுழைந்தவரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளும். அமைப்புகள் எல்லாம் ஈடிசி அடைவில் ஒரே கோப்பில்.

எஃப்1-தான் என்னை இழுத்தது. உள்ளே நுழையாமலேயே ஒழுங்காக நிறுத்த ஒரு பொத்தான், அதை ஒரு தாளில் எழுதி ஒட்டினால் போதும்.

நிறுவிய நாள்

டெபியன் 12-இன் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து நேரே எடுக்கும்படி இல்லாததால் மூல நிரலிலிருந்து கட்ட (கம்பைல் செய்ய) வேண்டியிருந்தது. இதில் மூன்று விஷயம் உண்டு. லையின் ஒவ்வொரு பதிப்பும் ஜிக்கின் குறிப்பிட்ட பதிப்பைக் கேட்கும், கொஞ்சம் முன்பின் ஆனாலும் கட்டாது. பாம், எக்ஸ் சர்வரோடு பேசும் எக்ஸ்சிபி ஆகிய இரண்டின் மேம்பாட்டுப் பொதிகளும் வேண்டும். கட்டும்போது வேறு சில துணுக்குகளை இணையத்திலிருந்து தானே இறக்கிக்கொள்ளும், அதனால் இணையம் இல்லாத இடத்தில் வேலை பாதியில் நிற்கும். பாம் என்பது லினக்ஸில் கடவுச்சொல் சரிபார்க்கும் அடுக்கின் பெயர். "சார், பாம் ஒண்ணு வைக்கணும்" என்று பையன் கீழே போய்ச் சொன்னதில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள்.

1 ஜிபி பெட்டியில் கட்டுவது ஆகிற காரியமில்லை என்று தெரியும். அதனால் டெபியன் 12 போட்ட என் மடிக்கணினியிலேயே கட்டி, பென்டிரைவில் கொண்டுபோயிருந்தேன். 4-ஆம் பெட்டியில் கோப்புகளை அந்தந்த இடத்தில் வைத்து, சேவையைத் தொடங்குவதற்கு முன் சும்மா ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் ஒரே வரி: 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்'. அவ்வளவுதான், வேறு பேச்சே இல்லை.

கட்டன் சாயா ஒன்று குடித்துவிட்டு வந்த பிறகுதான் உறைத்தது. ஜிக், வேறு எதுவும் சொல்லாவிட்டால், கட்டுகிற இயந்திரத்தின் செயலிக்கே ஏற்றபடி கட்டும். என் மடிக்கணினி புதிது, அதன் செயலிக்குத் தெரிந்த ஏவிஎக்ஸ் போன்ற கட்டளைகள் கோர் 2 டுயோவுக்குத் தெரியாது. கட்டும் கட்டளையில் சிபியு என்ற இடத்தில் 'பேஸ்லைன்' என்று கொடுத்தால் எல்லா 64-பிட் செயலிக்கும் பொதுவான கட்டளைகளோடு நின்றுகொள்ளும். நல்லவேளை, மடிக்கணினி பையில் இருந்தது. போன் இணையத்தில் மறுபடி கட்டினேன். கையோடு 'ரிலீஸ்சேஃப்' என்றும் சேர்த்தேன், இல்லாவிட்டால் சோதனைக் கட்டுமானமாகப் பெருத்து நிற்கும். பழைய இயந்திரங்களுக்கு வேறிடத்தில் கட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்த ஒரு சொல்லை மறக்க வேண்டாம்.

அடுத்த முட்டுக்கட்டை சிறியது. லை சேவையை இயக்கச் சொன்னால், 'டிஸ்ப்ளே-மேனேஜர்' என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு இணைப்பு இருக்கிறது, அது லைட்டிஎம்மைக் காட்டுகிறது என்று, சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி மறுத்தது. ஒரு வீட்டுக்கு ஒரு வாசல்தான் என்பது அதன் கணக்கு. லைட்டிஎம்மை முடக்கி, இணைப்பை நீக்கி, லையை இயக்கினேன். லைட்டிஎம்மை அழிக்கவில்லை, முடக்கியதோடு சரி. அன்றைக்கு நான் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

மாலை 5 மணிக்குள் 5 பெட்டியிலும் லை வந்துவிட்டது. சுவிட்சைப் போட்டதும் கறுப்புப் பின்னணியில் அந்தச் சின்னப் பெட்டி. பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ஒருவன் அமைப்புக் கோப்பை எட்டிப் பார்த்துவிட்டு, பச்சை எழுத்து மழையாகக் கொட்டும் அலங்காரம் ஒன்று அதில் இருப்பதைக் கண்டுபிடித்து, அதைப் போட்டுத் தரச் சொல்லி நச்சரித்தான். 4-இல் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் அதன் மின்விசிறி இரைய ஆரம்பித்தது, எடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள்: பாதி எழுத்து விழுங்கும் திரை

புதன்கிழமை போன். "அண்ணே, ரெண்டாம் நம்பர்ல பாஸ்வேர்ட் அடிச்சா பாதிதான் விழுது. 8 எழுத்து அடிச்சா 4 நட்சத்திரம்."

விசைப்பலகை போய்விட்டது என்று முதலில் நினைத்தேன், வேறொன்றை மாட்டச் சொன்னேன், அதிலும் அதே கதை. திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னதும் விஷயம் தெரிந்தது. லையின் பெட்டிக்கு மேல், இடது ஓரத்தில், பழைய 'லாகின்' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டிருந்தது. லை ஓடுவது இரண்டாவது முனையத்தில், அதாவது கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்2 அழுத்தினால் வரும் எழுத்துத்திரையில். நான் கறுத்த திரைக்காகச் சொல்லிக் கொடுத்த கன்ட்ரோல்-ஆல்ட் வித்தையைப் பிள்ளைகள் விளையாட்டாக்கி, எஃப்1, எஃப்2 என்று தாவித் தாவிப் பார்த்திருக்கிறார்கள். திரும்ப இரண்டாவதுக்கு வந்தபோது, அங்கே வழக்கமாக லாகின் கேட்கும் கெட்டி என்ற நிரலும் எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஒரே முனையத்தில் இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தால், அடிக்கிற எழுத்தில் ஒன்று இவனுக்கு, ஒன்று அவனுக்கு.

லையின் நிறுவல் குறிப்பிலேயே இது இருக்கிறது: முனையம் மாறிப் போய் வருவதாக இருந்தால் அந்த முனையத்தின் கெட்டியை முடக்கு என்று. நான் வாசித்திருந்தேன். யார் மாறப் போகிறார்கள் என்று விட்டிருந்தேன். போனிலேயே கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொல்லி 5 பெட்டியிலும் முடக்க வைத்தேன். அதில் 'அட்' குறியை எங்கே போடுவது என்பதற்கே கால் மணி நேரம்.

பெயர்கள் காணாமல் போனது

இதுவரை சொன்னது எல்லாம் கட்டளையில் தீர்ந்துவிடும் சங்கதி. அடுத்தது அப்படி இல்லை.

லைட்டிஎம் இருந்தபோது திரையில் பெயர்ப் பட்டியல் வரும். ஒவ்வொருவருக்கும் கணக்குத் திறந்தபோது முழுப்பெயரைத் தமிழில்தான் கொடுத்திருந்தோம், சார் அதில் பிடிவாதமாக இருந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடத் தன் பெயரைத் தமிழில் பார்த்து அம்பை அதன்மேல் வைத்து அழுத்தும். லையில் அந்தப் பட்டியல் இல்லை, ஆங்கில லாகின் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும். அதை எப்படியாவது தமிழில் காட்ட முடியுமா என்று பார்த்தேன். லினக்ஸின் எழுத்து முனையத்தில் ஒரு எழுத்துருவுக்கு அதிகபட்சம் 512 வடிவங்கள்தான் இடம். தமிழுக்கு அதுகூடப் போதும் என்று வாதாடலாம், ஆனால் 'கொ' என்று எழுதினால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும் அல்லவா, அந்த அடுக்குகிற வேலை அங்கே கிடையாது. ஒருமுறை தமிழில் ஒரு பெயரை எழுதிப் பார்த்தேன். கட்டம் கட்டமாக வந்தது.

பெரிய பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். சின்னவர்கள் வரும்போது திரையில் முந்தைய ஆளின் பெயர் நிற்கும், அதை அழித்துத் தங்கள் பெயரை அடிக்கத் தெரியாமல் பையனைக் கூப்பிடுவார்கள். சாரின் கணக்கில் வேறு சிக்கல். அவர் 3-ஆம் பெட்டியில்தான் உட்காருவார். புதன், வியாழன் இரண்டு நாளும் உள்ளே போக முடியவில்லை. சரியாகத்தான் அடிக்கிறேன் என்கிறார். தவறென்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 3 வினாடி அசையாமல் நிற்கிறது. டெபியனில் தவறான கடவுச்சொல்லுக்கு அப்படி ஒரு தாமதம் வைத்திருப்பதால்தான் அது, ஆனால் அவருக்கு இயந்திரம் உறைந்ததாகத் தோன்றியிருக்கிறது.

நான் போய்க் கேட்டபோது தயங்கிவிட்டுச் சொன்னார். கடவுச்சொல்லைத் தமிழில் வைத்திருக்கிறார். கணினி முழுமைக்கும் ஆங்கிலமும் தமிழ்99-உம் என்று இரண்டு விசைப்பலகை அமைத்துக் கொடுத்தது நான்தான், லைட்டிஎம் திரையின் மேல்பட்டையில் மொழியை மாற்றிக்கொள்ளலாம், அவர் மாற்றிக்கொண்டு ஒரு பழமொழியின் முதல் சொல்லை அடித்து வந்திருக்கிறார்.

"நம்ம வீட்டுக்கு இங்கிலீஷ்ல எதுக்கு மக்கா பூட்டு?"

என்னிடம் பதில் இல்லை. எழுத்து முனையத்தில் அவர் அதே விசைகளை அடிக்கிறார், அங்கே போவது ஆங்கில எழுத்து, கணக்கு ஒத்துவராது. கடவுச்சொல்லை மாற்றிக் கொடுக்கலாம்தான். கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, அவரும் கேட்கவில்லை.

திரும்பப் போனதும் கண்டுபிடித்ததும்

3-ஆம் பெட்டியில் மட்டும் லையை முடக்கி லைட்டிஎம்மைத் திரும்ப இயக்கினேன். முடக்கியதோடு விட்டிருந்ததால் 5 நிமிட வேலை. ஆனால் கறுத்த திரை மறுபடி வருமே என்று, இந்த முறைதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பழைய லைட்டிஎம் பதிவுக் கோப்புகளைத் திறந்தேன். பையனின் நோட்டையும் கேட்டு வாங்கினேன். 1, 3, 4. ஒவ்வொரு பெட்டியின் மூடியையும் கழற்றிப் பார்த்தேன். எஸ்எஸ்டி இருப்பது 1, 3, 4. வன்தட்டு இருப்பது 2, 5. ராம் கணக்குப்படி பார்த்தால் ஒரு ஒழுங்கும் இல்லை, 2 ஜிபி உள்ள 3-ஆம் பெட்டிதான் அதிகம் கறுத்திருக்கிறது.

எஸ்எஸ்டி வந்ததும் இயந்திரம் வேகமாகக் கிளம்புகிறது. சில சமயம் கிராபிக்ஸ் இயக்கி தயாராகும் முன்பே லைட்டிஎம் எழுந்து எக்ஸ் சர்வரைக் கூப்பிடுகிறது, திரை கிடைக்காமல் தோற்று நின்றுவிடுகிறது. அதனால்தான் ஒரு நிமிடம் கழித்துக் கையால் தொடங்கினால் வந்தது. இதற்கு லைட்டிஎம்மின் அமைப்புக் கோப்பிலேயே மருந்து உண்டு. திரை தயார் என்று, லாகின்களைக் கவனிக்கும் லாஜின்டி சேவை சொல்லும்வரை காத்திரு என்று பொருள்படும், 'லாஜின்டி-செக்-கிராபிக்கல்' என்ற ஒரு வரி. மதிப்பை 'ட்ரூ' ஆக்க வேண்டும். ஆக்கினேன். கரண்ட்டைப் பிடுங்கிப் பிடுங்கி 20 முறை கிளப்பினோம், 20 முறையும் பெயர்ப் பட்டியல் வந்தது.

லை அந்தப் பெட்டிகளில் கறுக்காமல் ஓடியதற்கும் இதுவே காரணம். அது எக்ஸ் சர்வரைக் கூப்பிடுவதே ஆள் கடவுச்சொல் அடித்து முடித்த பிறகுதான். அதற்குள் இயக்கி நிதானமாக வந்து சேர்ந்துவிடுகிறது. லேசாக இருந்ததால் வென்றது என்று நான் நினைத்தேன். வென்றது தாமதத்தால்.

மந்தத்தின் கதை வேறு. 2, 5 இரண்டிலும் லை வந்த பிறகு லாகின் பெட்டி பளிச்சென்று வந்தது உண்மை. ஆனால் உள்ளே நுழைந்ததும் அதே எக்ஸ் சர்வர், அதே எக்ஸ்எஃப்சிஇ, அதே உலாவி, அதே 1 ஜிபி. முன்பு லாகினுக்கு முன்னால் காத்திருந்தவர்கள் இப்போது லாகினுக்குப் பின்னால் காத்திருந்தார்கள்.

இப்போது எப்படி இருக்கிறது

3-இல் லைட்டிஎம். 1-ஐயும் அப்படியே மாற்றிச் சின்னப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிவிட்டோம். 2, 4, 5 மூன்றிலும் லை தொடர்கிறது. டிஎன்பிஎஸ்சிக்காரர்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது, குறிப்பாக எஃப்1. 2, 5 இரண்டிலும் எக்ஸ்எஃப்சிஇக்குப் பதில் அதைவிட லேசான ஐஸ்டபிள்யூஎம் போட்டதில்தான் மந்தம் கொஞ்சம் குறைந்தது, லையால் அல்ல. சுவிட்சைப் பிடுங்குவது மிகவும் குறைந்துவிட்டதாகப் பையன் சொல்கிறான், அதற்கு அவன் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய தாளும் அவன் போடும் சத்தமும் பாதிக் காரணமாக இருக்கலாம்.

இனி இப்படி ஒன்று வந்தால்

நோட்டை முதலில் வாசிப்பேன். எந்தப் பெட்டி, எப்போது, என்ன வன்பொருள் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையே முடிந்திருக்கும். ஒரே ஒரு பெட்டியில் லையைப் போட்டு ஒரு வாரம் விட்டிருக்க வேண்டும், ஐந்திலும் ஒரே மாலையில் ஏற்றியது கடைக்காரன் அவசரம். கெட்டியை முடக்குவதை நிறுவலின் பகுதியாகவே செய்ய வேண்டும், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் தாவாத முனையம் கிடையாது. அப்புறம், மாற்றுவதற்கு முன் அங்கே உட்காருகிறவர்களிடம் அவர்கள் எப்படி நுழைகிறார்கள் என்று கேட்டு, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கடவுச்சொல்லைச் சொல்லச் சொல்வதல்ல, எந்த எழுத்தில் அடிக்கிறார்கள் என்று பார்ப்பது மட்டும்.

போன வாரம் யுபிஎஸ் பேட்டரிக்கு வசூல் ஆகிவிட்டதென்று சார் போன் செய்தார். வெள்ளிக்கிழமை கொண்டுபோய் மாட்ட வேண்டும்.